மருந்து வேருக்குப் போகிறதா?

நேயர்களுக்கு வணக்கம்.

மழை ஓய்ந்து தை பிறந்துவிட்டால், சென்னையில் காலிமனை வைத்திருப்பவர்கள் என்னைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். எல்லோரும் சொல்வது ஏறக்குறைய ஒரே கதைதான். "சார், போன வருஷம் ஆளை வைத்துக் களைக்கொல்லி மருந்து அடித்தோம். நாலே நாளில் எல்லாம் கருகிவிட்டது. இப்போது போய்ப் பார்த்தால் முன்பைவிட அடர்த்தியாக நிற்கிறது. இன்னும் வீரியமான மருந்து ஏதாவது இருக்கிறதா?"

அந்த நாலு நாள்தான் சிக்கலே. அவ்வளவு வேகமாக இலை கருகியிருந்தால், மருந்து வேருக்குப் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம்.

சீமைக்கருவேலத்தையே எடுத்துக்கொள்வோம். மணலியிலிருந்து கேளம்பாக்கம் வரை, வேலியில்லாத மனை எங்கே இருந்தாலும் அங்கே அது நிற்கும். அதன் உயிர்நிலை மண்ணுக்கு அடியில், தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதியில் இருக்கிறது. அங்கே நிறைய மொட்டுகள் தூங்கிக்கொண்டிருக்கும். மேலே வெட்டினால், எரித்தால், இலையைப் பொசுக்கினால் அவை விழித்துக்கொள்ளும். ஒரு தண்டு நின்ற இடத்தில் ஐந்தாறு தண்டு கிளம்பும். ஆகவே நாம் அடிக்கிற மருந்து இலை வழியாக உள்ளே நுழைந்து அந்தக் கழுத்துக்கும் வேருக்கும் இறங்கியாக வேண்டும்.

இறங்குவதற்கு மருந்துக்குச் சொந்தமாகக் கால் கிடையாது. இலையில் தயாராகும் சர்க்கரை பட்டையின் உள்பக்கத் திசு வழியாக வேருக்குப் போகிறதே, அந்த ஓட்டத்தில் தொற்றிக்கொண்டுதான் போக வேண்டும். கிளைபோசேட், 2,4-டி என்ற களைக்கொல்லிகள் இரண்டுமே அப்படிப் போகிறவைதான். ஓட்டம் நின்றால் மருந்தும் நின்றுவிடும். லேபிளில் போட்டிருப்பதைப்போல இரண்டு மூன்று மடங்கு ஊற்றி அடித்தால், இலையும் அந்தக் குழாய்த் திசுவும் முதலில் வெந்துபோகின்றன. மருந்து இலையோடு நின்றுவிடும், வேர் தப்பித்துவிடும். வீரியத்தைக் கூட்டுவது என்பது பல நேரம் வேருக்கு நாம் செய்கிற உபகாரம்.

பாராகுவாட் என்று இன்னொரு மருந்து உண்டு. பட்ட இடத்தைப் பொசுக்குவதோடு அதன் வேலை முடிந்துவிடும், கீழே இறங்காது. காலையில் அடித்தால் சாயங்காலமே இலை வாடுவதால் பார்க்கத் திருப்தியாக இருக்கும். மரவகைச் செடிக்கு அதனால் பிரயோஜனம் இல்லை. அதைவிட முக்கியமான விஷயம், ஒரு வாய் உள்ளே போனாலே உயிர் போகலாம், அதற்கு மாற்று மருந்தும் கிடையாது. வீட்டுப் பக்கமே கொண்டுவராதீர்கள் என்பேன்.

சரி, சர்க்கரை எப்போது கீழ்நோக்கி ஓடும்? இளந்தளிர் விடும்போது செடி வேரில் சேர்த்துவைத்ததை மேலே அனுப்பிக்கொண்டிருக்கும். அப்போது தெளித்தால் மருந்து கீழே போவதற்கு வாய்ப்பு குறைவு. இலை முழுதாக விரிந்து, வெளிர்பச்சை மாறிக் கரும்பச்சை ஆன பிறகுதான் ஓட்டம் வேர்ப்பக்கம் திரும்புகிறது. அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்து மாட்டுப்பண்ணைக்காரர்கள் நம் சீமைக்கருவேலத்தின் பங்காளி மரத்தோடு பல தலைமுறையாக மல்லுக்கட்டுகிறார்கள். அங்கே ஒரு அடி ஆழத்தில் மண்ணின் சூடு 24 டிகிரி செல்சியஸைத் தாண்டி, இலையும் கரும்பச்சையான பிறகு தெளிக்கச் சொல்லி வேளாண் விரிவாக்கத் துறையினர் அறிவுரை தருகிறார்கள். நம் ஊர் மண்ணுக்குச் சூட்டில் என்ன குறை! நமக்கு வேண்டியது ஈரம். சித்திரை, வைகாசி வெயிலில் செடி தண்ணீருக்குத் தவித்து இலைத்துளைகளை மூடிக்கொண்டு நிற்கும், இலைமேல் தூசியும் படிந்திருக்கும். அப்போது அடிக்கிற மருந்து வீண். வடகிழக்குப் பருவமழை முடிந்து, மண்ணில் ஈரமும் இலையில் நல்ல பச்சையும் இருக்கிற தை, மாசிதான் மரவகைச் செடிகளுக்கு இலைவழி மருந்து தெளிக்க ஏற்ற காலம். தெளித்த பிறகு ஆறு மணி நேரமாவது மழை வரக்கூடாது. காலைப் பனி இலையில் சொட்டிக்கொண்டிருந்தால் அது உலரும்வரை காத்திருங்கள்.

பார்த்தீனியம், நாயுருவி, குப்பைமேனி, சாரணை மாதிரியான அகன்ற இலைக் களைகள் வேறு ரகம். அவற்றை இரண்டு முதல் நான்கு இலைப் பருவத்திலேயே பிடிக்க வேண்டும். பூத்த பிறகு அடித்தால், சாகிற செடி விதையைக் கொட்டிவிட்டுத்தான் சாகும். 2,4-டி இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஆராய்ச்சியில் பிறந்து, 1940-களிலேயே சந்தைக்கு வந்த மருந்து. செடிக்குள் இயல்பாகச் சுரக்கும் ஆக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கியைப்போல் வேஷம் போட்டுக்கொண்டு உள்ளே போகும். செடி தாறுமாறாக வளர ஆரம்பிக்கும். தண்டு முறுக்கிக்கொள்ளும், இலை கிண்ணம்போல் குவியும், உணவுக் குழாய்கள் நசுங்கிச் செடி சாகும். நெல், கரும்பு, சோளம் போன்ற புல்லினப் பயிர்கள் அதைப் பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். அதனால்தான் வயலில் பயிரை விட்டுவிட்டுக் களையை மட்டும் கொல்ல அது உதவுகிறது. அதே காரணத்தால் உங்கள் மனையில் அருகம்புல்தான் தொல்லை என்றால் 2,4-டி வாங்குவது தண்டச் செலவு.

வியட்நாம் போரில் தெளித்த ஏஜென்ட் ஆரஞ்சுதானே இது என்று சிலர் கேட்பதுண்டு. அந்தக் கலவையில் பாதி 2,4-டி, மறுபாதி 2,4,5-டி. பேர்போன டையாக்சின் நஞ்சு இரண்டாவதைத் தயாரிக்கும்போது கலந்தது. அதற்காக 2,4-டியைச் சாது என்று நான் சொல்லவில்லை. அது பக்கத்து வீட்டுக்குப் போகிற வழியைப் பற்றித்தான் நம் ஊரில் நிறையப் பேச வேண்டியிருக்கிறது.

தக்காளி, கத்தரி, வெண்டை, முருங்கை எல்லாமே அகன்ற இலைக் குடும்பம்தான். அதிலும் தக்காளிக்கு 2,4-டியின் சாரல் பட்டாலே போதும், இலை சுருண்டு நூலாகிவிடும். இப்போது சென்னையில் மொட்டைமாடிக்கு மொட்டைமாடி தோட்டம் இருக்கிறது. கீழே காலிமனையில் ஒருவர் மருந்து அடிப்பார். இரண்டு வாரம் கழித்து மேலே இன்னொருவர் தன் தக்காளிக்கு வைரஸ் வந்துவிட்டதென்று படம் பிடித்து எனக்கு அனுப்புவார். இந்த மருந்தில் எஸ்டர் என்றொரு வகை உண்டு. வெயிலில் அது ஆவியாகிப் பறக்கும். முப்பது டிகிரிக்கு மேல் அதைத் தொடக்கூடாது, நமக்கோ வருஷத்தில் பாதி நாளுக்கு மேல் முப்பதைத் தாண்டும். எனவே நகரத்துக்குள் அமீன் உப்பு அல்லது சோடியம் உப்பு வகையே மேல்.

காற்றையும் கவனியுங்கள். சென்னையில் காலையில் பெரும்பாலும் தரைக்காற்று லேசாக இருக்கும், நண்பகலை ஒட்டிக் கடற்காற்று புகுந்ததும் திசை மாறிவிடும். காலையில் மேற்கிலிருந்து வீசியது, வேலை பாதியில் இருக்கும்போது கிழக்கிலிருந்து வீச ஆரம்பித்தால், மருந்து நீங்கள் நினைத்தே பார்க்காத வீட்டுப் பக்கம் போகும். ஏழு மணிக்குமேல் தொடங்கிப் பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள். தெளிப்பானில் பூச்சிமருந்துக்கு மாட்டுகிற பனிப்புகை மாதிரியான நாசிலைக் கழற்றிவிட்டு, விசிறிபோலப் பெரிய துளியாக விழுகிற களைக்கொல்லி நாசிலை மாட்டச் சொல்லுங்கள். களைக்கொல்லிக்கென்று தெளிப்பான் தனியாகவே இருக்கட்டும். எவ்வளவு கழுவினாலும் 2,4-டியின் மிச்சம் ரப்பரிலும் குழாயிலும் ஒட்டிக்கொண்டிருக்கும், அடுத்த வாரம் ரோஜாச் செடிக்கு அதே டேங்கில் வேப்பெண்ணெய் அடித்தால் தெரிந்துவிடும்.

தண்ணீரைப் பற்றி யாரும் யோசிப்பதே இல்லை. நம் போர்த் தண்ணீரில் கால்சியம், மக்னீசியம் ஏராளம். வாளியில் படியும் வெள்ளைப் படலம் எல்லோருக்கும் பழக்கம்தானே. அந்த உப்புகள் கிளைபோசேட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், 2,4-டி அமீனையும் ஓரளவு பிடிக்கும். கலங்கல் தண்ணீரானால் இன்னும் மோசம், களிமண்ணில் பட்டதும் கிளைபோசேட் அதோடு ஒட்டிக்கொண்டு செயலிழந்துவிடும். மருந்து கலக்க மெட்ரோ தண்ணீரையோ பிடித்துவைத்த மழைநீரையோ எடுத்துக்கொள்ளுங்கள். போர்த் தண்ணீர்தான் கதி என்றால், லிட்டருக்கு இருபது கிராம் அம்மோனியம் சல்பேட்டை முதலில் கரைத்துவிட்டு அதற்குப் பிறகு மருந்தை ஊற்றச் சொல்லுங்கள்.

கிளைபோசேட்டைப் பற்றி ஒரு சட்ட விவரம். 2015-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற வகையில் சேர்த்தது. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் அமைப்பு உள்பட வேறு சில அமைப்புகள் அதை ஏற்கவில்லை, வாதம் இன்னும் முடியவில்லை. 2022 அக்டோபரில் மத்திய அரசு, பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணிக்கு உரிமம் பெற்றவர்கள் மட்டுமே கிளைபோசேட்டைப் பயன்படுத்தலாம் என்று உத்தரவிட்டது. ஆகவே கடையில் பாட்டில் வாங்கி, வாட்ச்மேன் கையில் கொடுத்து அடிக்கச் சொல்லும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். உரிமம் உள்ளவரைக் கூப்பிடுங்கள், வந்தவர் என்ன செய்கிறார் என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.

என்ன பார்க்க வேண்டும்? தெளிப்பதைவிட வெட்டித் தடவும் முறைக்குத்தான் நகரத்தில் என் ஓட்டு. காற்றில் எதுவும் பறக்காது, மருந்தும் கொஞ்சம்தான் செலவாகும். மரத்தைத் தரையை ஒட்டி மட்டமாக அறுத்து, அறுத்த முகத்தைத் துடைத்து, உடனே தூரிகையால் மருந்தைத் தடவ வேண்டும். உடனே என்றால் சில நிமிஷங்களுக்குள். எல்லா மரத்தையும் அறுத்துப் போட்டுவிட்டு, டீ குடித்துவிட்டு வந்து தடவினால், வெட்டுவாய் அடைத்துக்கொண்டிருக்கும், மருந்து உள்ளே போகாது. அறுக்க ஒருவர், தடவ ஒருவர் என்று இரண்டு பேர் சேர்ந்தே நகர வேண்டும். நடுவில் கருத்திருக்கும் வைரத்தில் தடவிப் பயனில்லை, அது செத்த கட்டை. பட்டையை ஒட்டிய வெளுத்த வளையத்தில்தான் உயிரோட்டம் இருக்கிறது, அங்கே நன்றாகப் படவேண்டும்.

மொட்டைமாடிச் சுவரில், சன்ஷேடு இடுக்கில் முளைக்கும் அரசுக்கும் ஆலுக்கும் இதே வைத்தியம்தான். காக்கையும் குயிலும் போடுகிற எச்சத்தில் வந்த விதை அது. விரல் நீளத்தில் இருக்கும்போதே, மழை பெய்து சுவர் ஊறியிருக்கையில் வேரோடு உருவிவிட்டால் மருந்தே வேண்டாம். பெரிதாகிவிட்டால் வெட்டித் தடவி, வேர் காய்ந்த பிறகு எடுத்துவிட்டு விரிசலைச் சிமென்ட் வைத்து அடையுங்கள். ஆசிட் ஊற்றுவதை நிறைய வீடுகளில் பார்க்கிறேன். ஆசிட் முதலில் தின்பது உங்கள் சுவரின் காரையை, அப்புறம் உள்ளே இருக்கும் கம்பியை. மண்ணெண்ணெய், டீசல் ஊற்றினால் மழையில் இறங்கிக் கிணற்றுக்கும் சம்ப்புக்கும் வரும்.

கடை போர்டை மறைக்கிறது, கார் நிறுத்த இடைஞ்சல் என்று தெருமரத்துக்கு மருந்து கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். பேர் சொல்லிக் கேட்க மாட்டார்கள், சுற்றி வளைத்துக் கேட்பார்கள். அதற்கு என்னிடம் பதில் கிடையாது. பொது இடத்து மரத்தை அகற்ற மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும், துளைபோட்டு விஷம் வைப்பது குற்றம். ஏரி, குளத்து ஆகாயத்தாமரைக்கும் நீங்களாக மருந்து அடிக்காதீர்கள். மொத்தமாகச் செத்து அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்து மீன் மிதக்கும். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பெருங்குடி, துரைப்பாக்கம் பக்கத்து மனைகளில் மழைக்கு முன்னால் அடிக்கிற மருந்து எங்கே வடிந்து போகும் என்று ஒரு நிமிஷம் யோசித்தால் போதும்.

மருந்தே தேவையில்லாத இடங்களும் நிறைய. 2022-இல் தமிழ்நாடு அரசு அந்நியத் தாவரங்களுக்கென்று தனிக் கொள்கை வெளியிட்ட பிறகு, சீமைக்கருவேலத்தை இயந்திரம் வைத்து வேரோடு பிடுங்கும் வேலை பல மாவட்டங்களில் நடக்கிறது. ஜேசிபி நுழைகிற மனையானால் அதுவே சிக்கனம். கழுத்துக்குக் கீழே ஒரு அடி வரை தோண்டி எடுக்கச் சொல்லுங்கள். மதில், கழிவுநீர்க் குழாய், மின்கேபிள் பக்கத்தில் நிற்கும் மரங்களுக்கு மட்டும் வெட்டித் தடவும் முறையை வைத்துக்கொள்ளலாம். பார்த்தீனியம் நாலைந்து இடத்தில்தான் நிற்கிறதென்றால், மழைக்கு மறுநாள் கையுறை மாட்டிக்கொண்டு பூக்கும் முன் பிடுங்கிவிடலாம். வெறுங்கையால் தொட வேண்டாம், தோலில் அரிப்பும் மூச்சிரைப்பும் வரும். உப்புக்கரைசல் அடித்தாலும் பார்த்தீனியம் சாகும். ஆனால் பிறகு அந்த மண்ணில் நீங்கள் எதையாவது வளர்க்க நினைத்தால் உப்பு வேண்டாம்.

மருந்து பாட்டிலில் ஒரு கட்டம் இருக்கும், அதன் கீழ்ப்பாதியில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று ஏதாவது ஒரு நிறம். சிவப்பு மிகக் கடுமை, பச்சை குறைவு. பச்சைதானே என்று லுங்கியோடும் செருப்போடும் அடிக்கக்கூடாது. முழுக்கை, முழுக்கால் சட்டை, ரப்பர் பூட்ஸ், கையுறை, கண்ணாடி. மிச்ச மருந்தைத் தண்ணீர் பாட்டிலிலோ கூல்டிரிங்ஸ் பாட்டிலிலோ ஊற்றி வைக்கவே கூடாது. தப்பித்தவறி யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்க முயலாமல், பாட்டிலையும் லேபிளையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கடைசியாக, இலைவழி தெளித்த மரங்களை அடுத்த வாரமே வெட்டிவிடாதீர்கள். இலை பழுத்துத் தொங்குவதைப் பார்த்ததும் ஆளைக் கூப்பிட்டு அறுத்துவிடுகிறார்கள், மருந்து பாதி வழியில் இருக்கும்போதே பாதையைத் துண்டித்த மாதிரி ஆகிறது. தையில் அடித்தீர்களானால் ஆடி வரைக்கும் அப்படியே நிற்க விடுங்கள். இடையில் கோடை மழை ஒன்றிரண்டு பெய்யும். அதற்குப் பிறகும் அடித்தூரில் துளிர் வராவிட்டால் வெட்டலாம். துளிர்த்திருந்தால், துளிர் முழங்கால் உயரம் வந்து இலை கரும்பச்சை ஆகும்வரை விட்டு, அந்தத் தூருக்கு மட்டும் மறுபடி வைத்தியம் செய்யுங்கள்.

நன்றி, வணக்கம்.