தொட்டி வைத்த பின் வரும் செலவு

நேயர்களுக்கு வணக்கம். உள்ளாட்சி அமைப்புகளின் கணக்குப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், ஒரு மாநகராட்சி தன் வரவு செலவுத் திட்டத்தில் எதற்கு முதலிடம் தர வேண்டும் என்பது பற்றிப் பேச வந்திருக்கிறேன். என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஏற்கெனவே கட்டியதைப் பராமரிப்பதற்கான தொகையை ஒதுக்கிய பிறகே, புதிதாக எதைக் கட்டலாம் என்ற பேச்சை எடுக்க வேண்டும்.

திருநெல்வேலியும் பாளையங்கோட்டையும் மேலப்பாளையமும் தச்சநல்லூரும் இணைந்து 1994-இல் மாநகராட்சியான நம் ஊரில் இன்று 55 வார்டுகள் உள்ளன. சொத்து வரி, காலிமனை வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை ஆகியவற்றோடு, மாநில அரசு பகிர்ந்தளிக்கும் நிதியும் மத்திய நிதிக்குழு மானியமும் சேர்ந்ததே வரவு. அந்த மானியத்தையும் விரும்பியபடி செலவிட முடியாது. 10 இலட்சத்துக்குக் குறைந்த மக்கள்தொகை கொண்ட நகரங்களுக்கு 15-வது நிதிக்குழு 2021-22 முதல் 2025-26 வரை பரிந்துரைத்த மானியத்தில், 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்றே வரையறுக்கப்பட்டிருந்தது. சம்பளம், ஓய்வூதியம், மின்கட்டணம், கடன் தவணை எல்லாம் போக, மாமன்றம் தன் விருப்பப்படி ஒதுக்கக்கூடிய தொகை நாம் நினைப்பதைவிடச் சிறியது.

அந்தச் சிறிய தொகை எப்படிக் கரைகிறது என்பதற்கு, நான் பணியாற்றிய ஓர் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு தெருமுனையில் ஆழ்துளைக் கிணறு தோண்டி, மோட்டார் பொருத்தி, மேடை கட்டிச் சின்டெக்ஸ் தொட்டி வைத்தார்கள். புதிதாகக் கட்டுவதற்கான மூலதனச் செலவில் அதற்குப் பணம் இருந்தது. திறப்பு விழாவும் நடந்தது. கணக்கைச் சரிபார்க்க நான் அங்கே சென்றபோது, குடத்தோடு நின்றிருந்த ஓர் ஆச்சி, "ஏ ஐயா, தொட்டி வச்சிட்டீய, நல்லதுதான். மோட்டாரு காயில் போனா யாருட்ட போய்ச் சொல்லணும்?" என்று கேட்டார். அலுவலகத்துக்குத் திரும்பி ஏட்டைப் புரட்டினேன். அந்த மோட்டாரின் பழுதுக்கென்று ஒரு ரூபாய்கூட ஒதுக்கப்படவில்லை. அடுத்த கோடையில் காயில் போனது, தொட்டி காய்ந்தது, அதே தெருவின் மறுமுனையில் இன்னொரு தொட்டிக்கு மதிப்பீடு தயாரானது. தெருவுக்கு இரண்டு தொட்டி, இரண்டிலும் தண்ணீர் இல்லை. அந்த ஆச்சி கேட்ட கேள்வியை எந்த வரவு செலவுக் கூட்டத்திலும் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. ஆகவேதான் திரும்பவும் சொல்கிறேன்: பழுதுக்குப் பணம் ஒதுக்காத கட்டுமானம் பாதிக் கட்டுமானம்தான்.

நம் ஊரின் மழைநீர் ஓடைகளையும், நகருக்குள் ஓடும் நெல்லைக் கால்வாயையும் பாளையங்கால்வாயையும் எண்ணிப் பாருங்கள். 2023 டிசம்பரில் 17, 18 ஆகிய நாள்களில் பெய்த பெருமழையை எந்த ஓடையும் தாங்கியிருக்காது. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் வழக்கமான ஐப்பசி, கார்த்திகை மழைக்கே தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்பதற்கு, தூர்வாராத ஓடையும் அடைத்துக்கொண்ட சிறுபாலமும் பெரும்பாலும் காரணமாகின்றன. தூர்வாருவதற்குக் கல்வெட்டு வைக்க இயலாது என்பதால் அந்த வேலை பட்டியலின் கடைசிக்குத் தள்ளப்படுகிறது. என் விருப்பமோ, அது புரட்டாசிக்குள் முடியும்படி முதல் வரியிலேயே இடம்பெற வேண்டும் என்பது.

நேரம் நெருங்கிவிட்டதால் இன்னும் ஒன்றை மட்டும் சொல்கிறேன். வரவு செலவுத் திட்டம் மாமன்றத்தில் வாசிக்கப்படும்போது ஒதுக்கீடுகள் ஏறக்குறைய முடிவாகியிருக்கும். அதற்கு முன்பே கேட்க ஓர் இடம் உண்டு. நகர்ப்புறங்களில் வார்டுதோறும், மக்கள் கூடித் தம் பகுதியின் தேவைகளைச் சொல்லும் பகுதி சபைக் கூட்டங்கள் 2022 நவம்பர் 1 முதல் நடக்கத் தொடங்கியுள்ளன. உங்கள் தெருவின் ஓடையும் மோட்டாரும் பழுதானால் எந்தத் தலைப்பில் பணம் இருக்கிறது என்று அந்தக் கூட்டத்தில் கேளுங்கள்; பதிலைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். வணக்கம்.