வைஃபையும் டவரும் சேர்ந்த போன் சர்வீஸ்: எடுக்கலாமா, வேண்டாமா?

[திரையில்: போனின் மேல் பட்டை, பெரிதாக்கியது. டவர் சிக்னல் ஒரே ஒரு கோடு, பக்கத்தில் வைஃபை முழுசு.]

வணக்கம். டவர் சிக்னல் ஒரு கோடு, வைஃபை ஃபுல். பேசணும்னா ஜன்னல் ஓரத்துக்குப் போற வீடுகள்ல எல்லாம் இதுதான் நிலைமை. சாதாரண போன் காலையும் அந்த வைஃபை வழியாவே அனுப்புறதுதான் இந்த சர்வீஸோட வேலை. வெளிய வந்தா டவருக்கு மாறிக்கும். எடுக்கலாமான்னு கேட்டா நாங்க முதல்ல பாக்குறது விலையை இல்ல. பேசிட்டு இருக்கும்போதே வாசலைத் தாண்டினா அந்தக் கால் என்ன ஆகுதுன்னுதான்.

இதுல ரெண்டு வகை உண்டு. ஒண்ணு, உங்க சிம்லயே இருக்குற வைஃபை காலிங். அதே நம்பர், தனி ஆப் வேண்டாம். இன்னொண்ணு, சொந்தமா டவர் இல்லாம, மத்தவங்க டவரை வாடகைக்கு எடுத்து, முடிஞ்ச மட்டும் வைஃபைலயே ஓட்டுற கம்பெனிகள். அமெரிக்காவுல ரிபப்ளிக் வயர்லெஸ் 2011-ல இப்படித்தான் ஆரம்பிச்சுது. 2015-ல கூகுள் ப்ராஜெக்ட் ஃபை கொண்டுவந்தாங்க. அது முதல்ல நெக்சஸ் 6 போன்ல மட்டும்தான் வேலை செஞ்சுது. "எங்க போன்ல வருமா?"ன்னு அப்போ இருந்த கேள்வி இன்னும் போகல. போன் மாடல், அதுல இருக்குற சாஃப்ட்வேர், ஆபரேட்டர் மூணும் ஒத்துப்போனாதான் வைஃபை காலிங் பட்டனே செட்டிங்ஸ்ல தெரியும்.

[திரையில்: போன், ரூட்டர், ஆபரேட்டர் வாசல். நடுவில் ஒரு குழாய்.]

உள்ள நடக்குறது இது. போன் உங்க இன்டர்நெட் வழியா ஆபரேட்டரோட ஒரு வாசல் வரைக்கும் பூட்டுன குழாய் ஒண்ணு போடும். ஐபிசெக் டனல்னு பேரு. குரல் அதுக்குள்ளதான் போகும். அதனால பொது இடத்து வைஃபைல பேசினாலும் பக்கத்துல உக்காந்திருக்கவங்களால அந்தக் காலை ஒட்டுக் கேக்க முடியாது. குழாய் யுடிபி 500, 4500 ங்கிற ரெண்டு போர்ட் (இன்டர்நெட் போக்குவரத்துக்கு எண் போட்ட கதவுகள்) வழியா போகுது. ஆபீஸ் கெஸ்ட் வைஃபைல பிரௌசர் நல்லா ஓடியும் வைஃபை காலிங் மட்டும் வரலன்னா, பெரும்பாலும் அந்த நெட்வொர்க்கோட காவல்காரன், அதாவது ஃபயர்வால், அந்த ரெண்டையும் அடைச்சிருக்கும்.

இன்டர்நெட் ஸ்பீடு எவ்வளவு வேணும்? குரல் சின்னச் சின்னத் துண்டா, அதாவது பாக்கெட்டா, போகும். வினாடிக்கு 50 பாக்கெட், குழாயோட சுமையையும் சேர்த்தா ஒரு திசைக்கு வினாடிக்கு ஏறக்குறைய 60 முதல் 80 கிலோபிட். ஒரு மணி நேரம் பேசினா ரெண்டு திசைக்கும் சேர்த்து 60 எம்பி பக்கம். அவ்வளவுதான். 100 எம்பிபிஎஸ் பிளான் வச்சிருந்தும் குரல் உடையுதுன்னா குத்தம் ஸ்பீடுல இல்ல, தாமதத்துல. ஒரு திசைக்கு 150 மில்லிசெகண்டுக்குள்ள இருந்தா பேச்சு இயல்பா இருக்கும். அதைத் தாண்டத் தாண்ட ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேச ஆரம்பிச்சிடுவீங்க.

அந்தத் தாமதம் வீட்டுக்குள்ளயே உருவாகுறதுதான் அதிகம். உங்க போன் போட்டோ எல்லாத்தையும் கிளவுடுக்கு ஏத்திட்டு இருக்கும். அப்லோடு வரிசை ரூட்டர்ல நிரம்பிடும். குரல் பாக்கெட் அந்த வரிசைக்குப் பின்னாடி நிக்கும். சோதிச்சுப் பாக்குறது சுலபம். லேப்டாப்ல 8.8.8.8-க்கு, அதாவது கூகுளோட ஒரு சர்வருக்கு, பிங் ஓட விடுங்க. போய்த் திரும்ப எத்தனை மில்லிசெகண்டு ஆகுதுன்னு அது காட்டும். அது ஓடும்போதே ஒரு பெரிய ஃபைலை அப்லோடு பண்ணுங்க. 20-ல இருந்த எண் 300-க்குத் தாவினா, காரணம் இதுதான். ரூட்டர்ல எஸ்கியூஎம், அதாவது இந்த வரிசை நிரம்பாம பாத்துக்குற வசதி, இருந்தா, அளந்து பாத்த அப்லோடு வேகத்துல 85 முதல் 90 சதவீதத்தை வரம்பா வையுங்க. அந்த வசதி இல்லன்னா போட்டோ பேக்அப்பை ராத்திரிக்கு மாத்துங்க.

[திரையில்: ஒரு கை போனைப் பிடித்து அறையிலிருந்து வாசலுக்கு நடக்கிறது. ஓரத்தில் சிக்னல் எண் குறைந்துகொண்டே போகிறது.]

இப்போ வாசலுக்கு வருவோம். சிக்னல் பலத்தை டிபிஎம்ல அளப்பாங்க, மைனஸுக்குப் பின்னாடி எண் பெருசாகப் பெருசாக சிக்னல் பலவீனம். ரூட்டர் பக்கத்துல வைஃபை சிக்னல் மைனஸ் 45 டிபிஎம். ஹால் தாண்டினா மைனஸ் 60. குரலுக்கு மைனஸ் 67 வரைக்கும் நம்பலாம். வாசல்ல மைனஸ் 80. இங்க முதல்ல கெடுறது நீங்க கேக்குற குரல் இல்ல, எதிர்ல இருக்கவங்களுக்குப் போற உங்க குரல். போனோட வைஃபை ஆன்டெனா ரூட்டரை விடக் குறைஞ்ச சக்தியிலதான் அனுப்பும். ரூட்டர் போடுற சத்தம் போனுக்கு எட்டுது, போன் போடுற சத்தம் ரூட்டருக்கு எட்டல. "ஹலோ, கேக்குதா? எனக்கு நல்லா கேக்குது"ன்னு நிறைய பேர் நின்னுட்டே சொல்றது இந்த நாலு அடி தூரத்துலதான்.

நல்லா அமைஞ்ச சர்வீஸ்ல போன் இதுக்கு முன்னாடியே சுதாரிச்சு டவருக்கு மாறிடும். கால் அறுந்து திரும்ப இணையறதில்ல. காலோட விலாசம் மாறாம, வர்ற வழி மட்டும் மாறுது. ஆனா மாறிப் போற இடத்துல 4ஜி காலிங், அதாவது வோல்ட்டி, இல்லன்னா 5ஜி குரல் இருக்கணும். வோல்ட்டியை செட்டிங்ஸ்ல அணைச்சு வச்சிருந்தாலோ, அந்த இடத்துல 2ஜி, 3ஜி மட்டும் இருந்தாலோ, பெரும்பாலும் கால் கட் ஆகும். வைஃபை காலிங் மோசம்னு திட்டுறவங்க முதல்ல இந்த ஒரு பட்டனைப் பாக்கணும். ரெண்டு சிம் இருந்தா ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா ஆன் பண்ணணும்.

அடுத்து விருப்ப வரிசை. சிம் செட்டிங்ஸ்ல வைஃபை காலிங்குள்ள போனா, பல ஆண்ட்ராய்டு போன்ல 'வைஃபைக்கு முன்னுரிமை', 'மொபைல் நெட்வொர்க்குக்கு முன்னுரிமை'ன்னு ரெண்டு இருக்கும். வீட்டுல டவர் ரெண்டு மூணு கோடு வந்தா மொபைலுக்கே முன்னுரிமை கொடுங்க. வைஃபையை முதல்ல வைக்க வேண்டியது டவரே எட்டாத வீட்டுலதான். அங்க இன்னொரு லாபமும் உண்டு. டவர் தூரமா இருந்தா போன் 200 மில்லிவாட் வரைக்கும் கத்த வேண்டியிருக்கும், பேட்டரி இறங்கும். வைஃபைல அது மிச்சம்.

அப்புறம் ஒரு கோளாறு, கண்டுபிடிக்கவே கஷ்டம். நீங்க கூப்பிட்டா கால் போகும். மத்தவங்க கூப்பிட்டா "தொடர்பு எல்லைக்கு வெளியே"ன்னு வரும். சில ரூட்டர்கள் பேச்சில்லாத குழாயை சீக்கிரமே மறந்துடும். போன் நடுநடுவுல தட்டி எழுப்பிட்டே இருக்கணும், பேட்டரி மிச்சம் பண்ற மோடு அதைத் தடுத்துடும். ரூட்டர்ல யுடிபி காலாவதி நேரம், அதாவது சும்மா இருக்குற குழாயை மறக்குற நேரம், 30 வினாடியா இருந்தா 120 ஆக்குங்க. மாத்த வழியில்லன்னா ரூட்டருக்குள்ள இருக்குற சாஃப்ட்வேரை, அதாவது ஃபர்ம்வேரைப் புதுப்பிச்சுப் பாருங்க.

அவசர அழைப்பைப் பத்திக் கட்டாயம் சொல்லணும். டவர் வழியா போனா நீங்க எந்தப் பகுதியில இருக்கீங்கன்னு நெட்வொர்க்குக்குத் தெரியும். வைஃபை வழியா போனா அது உறுதி இல்ல. சர்வீஸ் உங்க விலாசத்தைப் பதிவு பண்ணச் சொன்னா சரியா பதியுங்க, வீடு மாறினா மறக்காம மாத்துங்க. கரண்ட் போனா ரூட்டரும் ஃபைபர் பெட்டியும் அணைஞ்சிடும். டவரும் இல்லாத வீட்டுல அந்த நிமிஷம் போன் வெறும் கடிகாரம். ரெண்டும் சேர்ந்து 12 வாட் இழுத்தா, 30 வாட்-மணி கொள்ளளவு உள்ள 12 வோல்ட் மினி யுபிஎஸ் ரெண்டு மணி நேரம் தாங்கும். ரூட்டருக்கு மட்டும் போட்டா பத்தாது, ஃபைபர் பெட்டிக்கும் சேர்த்துப் போடுங்க.

காசு மிச்சமாகுமா? சிம்லயே இருக்குற வைஃபை காலிங்ல பல ஆபரேட்டர்கள் சாதாரண காலுக்குப் போடுற கணக்கையேதான் போடுறாங்க. அங்க மிச்சத்தை எதிர்பாக்காதீங்க. வைஃபை-முதல் சர்வீஸ்ல டேட்டாவுக்குப் பயன்படுத்துன அளவுக்குக் கட்டுற பிளான் இருந்தா, நாள் முழுக்க வீட்டுலயோ ஆபீஸ்லயோ இருக்கவங்களுக்கு லாபம். நாள் பூரா வண்டியில சுத்துறவங்களுக்கு எங்க பரிந்துரை இல்ல. அவங்க எப்பவும் டவர்லதான் இருப்பாங்க. அதுவும் வாடகை டவர். கூட்டம் அதிகமானா பல இடங்கள்ல டேட்டா வேகம் அவங்களுக்குத்தான் முதல்ல குறையும்.

[திரையில்: ஏரோபிளேன் மோடு ஆன், வைஃபை ஆன்.]

உங்க நம்பரைப் புது சர்வீஸுக்கு மாத்துறதுக்கு முன்னாடி, அந்த சர்வீஸை இ-சிம்ல ரெண்டாவது நம்பரா ஒரு மாசம் ஓட்டுங்க. ஏரோபிளேன் மோடு போட்டு, வைஃபையை மட்டும் ஆன் பண்ணி, ஒரு கால் வரவும் ஒரு கால் போகவும் பாருங்க. அதே நிலையில அந்த நம்பருக்கு ஒரு ஓடிபி வரவச்சுப் பாருங்க. சில சர்வீஸ்ல கால் வரும், எஸ்எம்எஸ் வராது. பேங்க் வேலை பாதியில நிக்கும். அப்புறம் ஏரோபிளேன் மோடை எடுத்துட்டு, யாரையாவது கூப்பிட்டு, பேசிக்கிட்டே வாசலைத் தாண்டி 50 அடி நடங்க. மூணு தடவை. மூணுல ரெண்டு தடவை கட் ஆச்சுன்னா, வோல்ட்டி ஆன்ல இருக்கான்னு பாத்துட்டு இன்னொரு மூணு தடவை நடங்க. அப்பவும் கட் ஆனா நம்பரை மாத்தாதீங்க.