ஈறில் ரத்தம் வந்தாலும் பல் துலக்குங்கள்

நேயர்களுக்கு வணக்கம். கர்ப்பிணிகளின் பல் பராமரிப்பைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள்; ஆனால் கிடைத்த நேரத்தில் பெரும்பகுதியை நான் ஈறுகளுக்கே கொடுக்கப்போகிறேன்.

வளைகாப்பு முடிந்த கையோடு ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவர் மாமியாருடன் என்னிடம் வந்தார். பல் துலக்கும்போது ரத்தம் வருவதைப் பார்த்த மாமியார், "பிள்ளைத்தாய்ச்சி உடம்பிலிருந்து ரத்தம் போகலாமா?" என்று பிரஷை எடுத்து வைத்துவிட்டு, வாய் கொப்பளித்தால் போதும் என்று சொல்லியிருக்கிறார். அக்கறையில் சொன்னதுதான். ஆனால் சில வாரங்களுக்குள் ஈறுகள் செக்கச் சிவந்து, பல்லிடுக்குகளில் புடைத்து, சோறு மெல்லும்போதே ரத்தம் கசியத் தொடங்கிவிட்டது. ஈறோரத்தைப் பஞ்சால் துடைத்தபோது வெண்மஞ்சள் அழுக்கு வழித்துக்கொண்டு வந்ததை மாமியாரிடமே காட்டினேன்.

கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஆகிய ஹார்மோன்கள் பெருகுவதால், மற்ற நாட்களில் ஈறு பொறுத்துக்கொள்ளும் சிறிதளவு அழுக்குக்கே இப்போது வீங்கிக் கசிகிறது; பெரும்பாலும் இரண்டாம் மாதத்தில் தொடங்கி எட்டாம் மாதம் வரை இது கூடிக்கொண்டே போகும். ஹார்மோனை நாம் குறைக்க முடியாது, அழுக்கைக் குறைக்கலாம். எனவே மென்மையான பிரஷால் காலையும் இரவும் துலக்குங்கள். வானொலி கேட்டுக்கொண்டிருக்கும் மாமியார்களுக்காக இன்னொரு முறை சொல்கிறேன்: ரத்தம் வந்தாலும் துலக்கத்தான் வேண்டும்.

வாந்தி எடுத்த உடனே மட்டும் துலக்க வேண்டாம், ஏனெனில் இரைப்பை அமிலம் பட்ட எனாமல் அப்போது இளகியிருக்கும். ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவைக் கலந்து கொப்பளித்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துத் துலக்கலாம்.

வயிற்றுப் பிள்ளை தாயின் பல்லிலிருந்து கால்சியத்தை உறிஞ்சிவிடும் என்பது உண்மையன்று. மசக்கையில் அடிக்கடி கொறிப்பதும், குமட்டலுக்குப் பயந்து பிரஷைத் தவிர்ப்பதுமே சொத்தைக்குக் காரணம்.

நேரம் முடியப்போகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை காட்டுகிறார்கள். சிகிச்சையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை வசதியான காலம். ஆனால் சீழ் கட்டிவிட்டால் எந்த மாதமானாலும் காத்திருக்கக் கூடாது. மரத்துப்போகச் செய்யும் லிடோகைன் ஊசிக்கும், ஈயக் கவசம் அணிந்து எடுக்கும் பல் எக்ஸ்ரேக்கும் அஞ்ச வேண்டாம். மருந்துக் கடையில் நீங்களாகவே வலி மாத்திரை கேட்டு வாங்காதீர்கள். கிருமித் தொற்றுக்குக் கொடுக்கும் டெட்ராசைக்ளின் வகை மருந்து குழந்தையின் பற்களில் நிலையான கறையை உண்டாக்கும் என்பதால், எத்தனையாவது மாதம் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நன்றி, வணக்கம்.