"ஏன்டா அப்படி பண்ணே?" – அந்தக் கேள்விக்கு முன்னாடி கொஞ்சம்

வணக்கம் நேயர்களே. டீனேஜ் பிள்ளைங்களோட அவசரத்தப் பத்தி பேசச் சொல்லி கூப்பிட்டிருக்காங்க. யோசிக்காம ஒரு மெசேஜ அனுப்பிடுறது, கோவத்துல போன தூக்கி எறியுறது, ஃப்ரெண்ட்ஸ் உசுப்பேத்துனாங்கன்னு மாடிக் கைப்பிடிச் சுவர் மேல ஏறி நடக்கிறது, டீச்சர்கிட்ட வாய்க்கு வந்தத பேசிட்டு வீட்டுக்கு வந்து ரூம் கதவ சாத்திக்கிட்டு அழறது, இதெல்லாம்தான். இப்படி ஒண்ணு நடந்துச்சுன்னா பெரியவங்க வாயிலேர்ந்து முதல்ல வர்றது "ஏன்டா அப்படி பண்ணே?", "ஏன்டி அப்படி பண்ணே?". பிள்ளை என்ன சொல்லும், "தெரியல". அங்கதான் நமக்கு சுர்ருனு ஏறும், திமிரு, எதையோ மறைக்கிறான்னு தோணும். ஆனா பல நேரம் அந்தத் "தெரியல" நிஜம்ங்க. அத நம்பாம மேற்கொண்டு எதுவும் பேச முடியாதுங்கறது என்னோட கருத்து.

மூளைக்குள்ள என்ன நடக்குதுன்னு கொஞ்சம் பாத்துடுவோம். ஜே கீட்னு ஒரு மனநல டாக்டர், அமெரிக்காவோட தேசிய மனநல ஆய்வு நிறுவனத்துல இருந்தவர், 1990கள்லேர்ந்து குழந்தைங்க மூளைய எம்ஆர்ஐ ஸ்கேன் எடுத்து, அதே குழந்தைங்கள சில வருஷம் கழிச்சு திரும்ப கூப்பிட்டு ஸ்கேன் எடுத்துன்னு தொடர்ந்து பாத்துட்டு வந்தார். பத்து பன்னெண்டு வயசோட மூளை வளர்ச்சி பெருசா முடிஞ்சிடும்னு அதுவரைக்கும் பலரும் நினைச்சிருந்தாங்க. அப்படி இல்ல, நெத்திக்குப் பின்னாடி இருக்கிற பகுதி, அதாவது நிதானிக்கிறது, திட்டம் போடுறது, "இரு, பொறு"ன்னு சொல்றது இதையெல்லாம் பாத்துக்கிற பகுதி, இருபது வயசத் தாண்டியும் மாறிக்கிட்டே இருக்குன்னு இந்த மாதிரி ஆய்வுகள்ல தெரிய வந்துச்சு. அதுக்கு மாறா, ஆசை, த்ரில், பாராட்டு இதுக்கெல்லாம் துள்ளுற பகுதி, வயசுக்கு வர்ற காலத்துலயே முழு வேகத்துல வேலை செய்ய ஆரம்பிச்சிடுது. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற அந்த சில வருஷம்தான் நாம பேசிட்டிருக்கிற வயசு.

இத சொன்ன உடனே எல்லாரும் "பிரேக் இல்லாத வண்டி"ன்னு சொல்லிடுவாங்க. எனக்கு அந்த உவமையில உடன்பாடு கிடையாது. பிரேக் இருக்குங்க. 2019ல வந்த ஒரு பெரிய ஆய்வுல, 11 நாடுகள்ல 10 வயசுலேர்ந்து 30 வயசு வரைக்கும் 5000 பேருக்கு மேல சோதிச்சுப் பாத்தாங்க. அவசரம் இல்லாம, உணர்ச்சி ஏறாம, அமைதியா உக்காந்து யோசிக்கிற விஷயத்துல 16 வயசுப் பிள்ளைங்க பெரியவங்களுக்கு கிட்டத்தட்ட சமமா இருந்தாங்க. மனசு சூடா இருக்கிற நேரத்துல நிதானிக்கிற திறமைதான் அதுக்கும் பல வருஷம் கழிச்சு வருது. அதனால "உனக்கு அறிவு இருக்கா"ன்னு கேக்கிறதுல அர்த்தமே இல்ல, அறிவு இருக்கு, அந்த நேரத்துல அது கைக்கு எட்டல.

எந்த நேரத்துல எட்டாம போகுதுன்னு கேட்டா, கூட்டாளிங்க பக்கத்துல இருக்கும்போது. 2005ல மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்னு ரெண்டு பேர் ஒரு கார் ஓட்டுற வீடியோ கேம வெச்சு 306 பேர சோதிச்சாங்க. மஞ்ச லைட் வந்த பிறகும் நிறுத்தாம எவ்வளவு தூரம் போறாங்களோ அவ்வளவு பாயிண்ட், ஆனா நடுவுல மோதிட்டா சேத்ததும் போச்சு. தனியா விளையாடும்போது டீனேஜ் பிள்ளைங்க ரொம்ப மோசமா ஒண்ணும் ஓட்டல. அதே ரூம்ல ரெண்டு ஃப்ரெண்ட்ஸ் உக்காந்து பாத்தா, அவங்க எடுத்த ரிஸ்க் ஏறக்குறைய ரெண்டு மடங்கு. 24 வயசத் தாண்டுனவங்களுக்கு பக்கத்துல யார் இருந்தாலும் பெரிய வித்தியாசம் இல்ல. அப்புறம் 2011ல இதே மாதிரி ஒரு விளையாட்ட ஸ்கேனுக்குள்ள வெச்சு பாத்தப்போ, ஃப்ரெண்ட்ஸ் பக்கத்து ரூம்லேர்ந்து பாக்கிறாங்கன்னு தெரிஞ்சாலே அந்தத் துள்ளுற பகுதி டீனேஜ் பிள்ளைங்களுக்கு அதிகமா வேலை செஞ்சுது. இப்போ ஒரு க்ரூப் சாட்ட நினைச்சுப் பாருங்க, ராத்திரி பதினோரு மணிக்கு தூக்கம் பத்தாத ஒரு பிள்ளை கையில போன், அந்தப் பக்கம் முப்பது பேர் பாத்துட்டிருக்காங்க, ஒருத்தன் கிண்டல் பண்ணிட்டான், பதில் சொல்லியே ஆகணும், இப்பவே சொல்லணும். அந்த இடத்துல எந்த அட்வைஸும் ஞாபகத்துக்கு வராது.

அப்ப என்னதான் செய்யறது? தன்ன கவனிக்கக் கத்துக்கணும். இதச் சொல்றவங்க பெரும்பாலும் "செய்யறதுக்கு முன்னாடி யோசி"ன்னு ஆரம்பிப்பாங்க. அது கடைசில வர்ற பாடம், அத முதல் பாடமா வெச்சா எந்தப் பிள்ளையும் பாஸ் ஆகாது. இந்தக் கவனிப்பு பின்னாலேர்ந்து முன்னால வரும். முதல்ல, நடந்து முடிஞ்சு மறுநாள்தான் "ஓ, எனக்கு அவமானமா இருந்துச்சு, அதான் கத்திட்டேன்"னு புரியும். கொஞ்ச நாள் போனா கத்தி முடிச்ச அஞ்சாவது நிமிஷம் புரியும். அப்புறம் கத்திக்கிட்டு இருக்கும்போதே புரியும், புரிஞ்சும் நிறுத்த முடியாது, பிள்ளைங்களுக்கு ரொம்ப வெறுத்துப் போற கட்டம் இதுதான், "தெரிஞ்சே பண்றேன், நான் கெட்டவன்"னு நினைச்சுக்குவாங்க. தம்பி, பாப்பா, நீங்க யாராவது கேட்டுட்டு இருந்தீங்கன்னா சொல்றேன், அது நீங்க கெட்டுப் போயிட்டதுக்கு அடையாளம் இல்ல, பாதி தூரம் வந்துட்டீங்க. இன்னும் கொஞ்சம் போனா வாய் திறக்கிறதுக்கு முன்னாடியே தெரியும்.

எத வெச்சு தெரியும்னா, உடம்ப வெச்சுதான். மனசு தாமதமா சொல்றத உடம்பு முன்னாடியே சொல்லிடும். சிலருக்கு காது சூடாகும், சிலருக்கு தாடை இறுகும், சிலருக்கு வயித்துக்குள்ள பிசையும், சிலருக்கு டைப் பண்ற வேகம் கூடும். உங்களுக்கு எதுன்னு நீங்கதான் கண்டுபிடிக்கணும். கண்டுபிடிச்சதும் அந்த உணர்ச்சிக்கு ஒரு பேர் வைங்க, சும்மா "மூட் அவுட்"னு சொல்லாம, கோவமா, பொறாமையா, அவமானமா, பயமான்னு. 2007ல மேத்யூ லீபர்மன் குழுவோட ஆய்வுல, படத்துல இருக்கிற முகத்தப் பாத்து அதுல தெரியிற உணர்ச்சியோட பேரச் சொன்னப்போ, பயத்துக்கும் கோவத்துக்கும் உஷாராகுற அமிக்டலாங்கற பகுதியோட வேகம் குறைஞ்சுது. இன்னொண்ணு, பீட்டர் கோல்விட்சர்ங்கற உளவியலாளர் ஆராய்ச்சி பண்ணி சொன்னது, "இனிமே கோவப்பட மாட்டேன்"ங்கிற மாதிரி பொதுவா ஒரு முடிவு எடுக்கறத விட "இது நடந்தா இத செய்வேன்"னு முன்னாடியே பிடிச்சு வெச்சுக்கிறது நல்லா பலிக்குது. காது சூடானா போன கவுத்து வெச்சுட்டு தண்ணி குடிக்கப் போவேன். அவ்வளவுதான், அமைதியா இருக்கிற நேரத்துல முடிவு பண்ணி வெச்சிடணும்.

தூக்கத்த யாரும் இதுல சேக்கிறதில்ல, இந்த வயசுக்கு 8லேர்ந்து 10 மணி நேரம் வேணும், அது இல்லாம இதுல எதுவும் ஒழுங்கா நடக்காது.

பெரியவங்களுக்கு ஒண்ணு. நடந்த உடனே விசாரணை வெக்காதீங்க, அப்ப ரெண்டு பேர் தலையும் கொதிச்சிட்டு இருக்கும். மறுநாள் சாயங்காலம் "ஏன் பண்ணே"ன்னு கேக்காம, "அதுக்கு ஒரு பத்து நிமிஷம் முன்னாடி என்ன நடந்துச்சு, யார் இருந்தாங்க, உடம்புல எப்படி இருந்துச்சு"ன்னு கேளுங்க. பதில் வரும், முதல் தடவையே வராது, ரெண்டு மூணு தடவைக்கு அப்புறம் வரும். அதோட நீங்களும் வாய் விட்டு சொல்லிப் பழகுங்க, "நான் இப்ப ரொம்ப கோவமா இருக்கேன், அரை மணி நேரம் கழிச்சுப் பேசறேன்"னு. பிள்ளைங்க இத வேற யார்கிட்ட பாத்து கத்துக்கும்? கூடவே இந்த அவசரத்த மொத்தமா அடக்கிடணும்னும் நினைக்காதீங்க, புது ஆளுங்ககிட்ட போய் பேசற துணிச்சலும், மேடை ஏறுற துணிச்சலும், அநியாயத்தப் பாத்தா எழுந்து நிக்கிற துணிச்சலும் அதே இடத்துலேர்ந்துதான் வருது.

ஒரே ஒரு விஷயத்துல மட்டும் காத்திருக்காதீங்க. பிள்ளை தன்ன காயப்படுத்திக்குது, சாகணும்னு பேசுது, இல்ல சின்ன வயசுலேர்ந்தே வீடு, ஸ்கூல், விளையாட்டுன்னு எங்கயுமே ஒரு நிமிஷம் நிதானிக்க முடியல, அதனால படிப்பும் ஃப்ரெண்ட்ஷிப்பும் உடைஞ்சுக்கிட்டே போகுதுன்னா, அது வயசுக் கோளாறுன்னு விட்டுடற விஷயம் இல்ல. ஏடிஹெச்டி, அதாவது கவனம் நிக்காம அளவுக்கு மீறி துறுதுறுன்னு இருக்கிற பிரச்சினை, இல்ல மனச்சோர்வு மாதிரி ஏதாவது இருக்கலாம், அதுக்கு சிகிச்சை இருக்கு. மனநல டாக்டர்கிட்டயோ கவுன்சலர்கிட்டயோ கூட்டிட்டுப் போங்க, சாகணும்னு பேசுனா அன்னைக்கே கூட்டிட்டுப் போங்க, தனியா விடாதீங்க. வணக்கம்.