முற்றத்துக்கு மேலே வானம் இருக்கட்டும்

நேயர்களுக்கு வணக்கம். மதுரை மாசி வீதிகளையும் ஆவணி மூல வீதிகளையும் ஒட்டிய சந்துகளில் உள்ள பழைய வீடுகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். "எல்லாம் மரம், ஒரு பொறி பட்டால் போதும்" என்று இந்த வீடுகளைப் பற்றிப் பலரும் சொல்லக் கேட்கிறேன். இவற்றைக் கட்டியவர்கள் விறகடுப்போடும் எண்ணெய் விளக்கோடும் வாழ்ந்தவர்கள். தீயை எங்கே வைக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். விளக்குக்கென்று சுவரிலேயே மாடம் விட்டு, உள்ளே சுண்ணாம்பு பூசினார்கள். சுடர் எவ்வளவு உயர்ந்தாலும் அங்கே பற்றிக்கொள்ள எதுவும் கிடையாது. இன்று அந்த மாடத்தில் சாவிக்கொத்து கிடக்கிறது. விளக்கோ பிளைவுட் அலமாரியில், துணித் திரைக்குப் பின்னால், சீரியல் பல்புகளோடு எரிகிறது.

2018 பிப்ரவரி 2 இரவு மீனாட்சி அம்மன் கோயில் வீரவசந்தராயர் மண்டபத்தில் பிடித்த தீயை மதுரைக்காரர்கள் மறந்திருக்க மாட்டோம். அது கல் மண்டபம். எரிந்தவை உள்ளே இருந்த கடைகள். அந்தச் சூட்டில் கல்லும் தாங்காமல் மேற்கூரை இடிந்து விழுந்தது. வீட்டுக்கும் அதே கணக்குதான்: பின்னால் கொண்டுவந்து சேர்த்த பொருள்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தடித்த தேக்கு உத்தரம் தீப்பட்டால் மேலே கரி கட்டும். அந்தக் கரியே உள்மரத்துக்குக் கவசம். நிமிடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் ஆழம்கூடத் தீ உள்ளே இறங்காது. அதற்குக் கீழே நாம் அடித்திருக்கும் தெர்மாகோல் கூரை அத்தனை நேரம் தராது.

முற்றத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தீ விபத்தில் பெரும்பாலும் உயிரைக் குடிப்பது புகை. வானம் பார்த்த முற்றம் இருந்தால் சுற்றுக்கட்டில் எங்கே தீப்பிடித்தாலும் புகை மேலே ஏறிப் போய்விடும். அந்த வாயைத்தான் ஃபைபர் ஷீட் போட்டு மூடுகிறோம். மழைச்சாரல், குரங்குத் தொல்லை என்று காரணங்கள் நியாயமானவைதான். ஆனால் மூடிய பிறகு புகை சுழன்று தாழ்வாரத்துக்கே இறங்கும், ஷீட்டும் உருகிச் சொட்டும். கூரை வேண்டுமென்றால் ஓட்டுக்கு மேலே 2 அடி உயர்த்தி இரும்புக் குழாயில் நிறுத்தி, நான்கு பக்கமும் கம்பி வலை மட்டும் அடியுங்கள். மழையும் குரங்கும் நிற்கும், புகைக்கு வழி கிடைக்கும். என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் வேலை இதுதான்.

அடுத்தது மின்சாரம். மேல மாசி வீதிப் பக்கம் ஒரு வீடு. தனியாக வசிக்கும் பாட்டி என்னைக் கூப்பிட்டு, "தம்பி, சுவரில் உளி வைக்காமல் முடியுமென்றால் செய்யுங்கள், இல்லையென்றால் நான் இருட்டிலேயே இருந்துகொள்கிறேன்" என்றார். முட்டையின் வெண்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு, முகம் தெரியும் பளபளப்பு. அவர் சொன்னதில் தவறே இல்லை. சுவரில் வயரை உள்ளே வைத்து ஓடிய மரச்சட்டப் பட்டையின் மூடியை நெம்பினேன். உள்ளே இருந்த வயரின் ரப்பர் உறை விரல் பட்டதும் கருப்பட்டித் தூள்போல உதிர்ந்தது. அந்த வயரில்தான் ஒன்றரை டன் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அடிக்கடி பீஸ் போகிறது என்று யாரோ பீஸ் கட்டையில் தடித்த செப்புக் கம்பியைச் சுற்றியிருந்தார்கள். அறுந்து காப்பாற்ற வேண்டிய கம்பியை அறவே அறாதபடி செய்துவிட்டார்கள்.

புதிய வயரைக் குழாய்க்குள் விட்டு மச்சு வழியாக உத்தரங்களின் பக்கவாட்டில் கொண்டுபோனோம். கதவு நிலையின் ஓரமாக மட்டும் கீழே இறக்கினோம். ஏசிக்குத் தனி வயர். கொல்லையில் எர்த் குழி. 30 மில்லிஆம்பியர் மின்கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்பு ஸ்விட்ச் ஒன்றைப் பொருத்தினோம். பழைய மரப்பட்டையும் உருண்டைக் கறுப்பு ஸ்விட்சுகளும் மின்சாரம் இல்லாமல் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. பேட்டரியில் இயங்கும் புகை எச்சரிப்பான்களுக்கு வயரே தேவையில்லை. ஓர் உளி அடிகூட விழவில்லை.

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து அங்கணத்தில் தேங்கும். ஆகவே சிலிண்டர் இருக்கும் இடத்தில் தரையை ஒட்டிக் காற்று போக வழி வேண்டும்.

கடைசியாக, வெளியேறும் வழி. 2020 தீபாவளி சமயத்தில் விளக்குத்தூண் அருகே நவபத்கானா தெருவில் பழைய கட்டடம் ஒன்றில் தீப்பிடித்தது. அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் இரண்டு பேர் இடிபாட்டில் சிக்கி இறந்தார்கள். அந்தத் தெரு வழியாகப் போகும்போதெல்லாம் அவர்கள் நினைவு வருகிறது. உள்ளே யாராவது மாட்டிக்கொண்டிருக்கிறார்களா என்று தேடி அவர்கள் நுழையும் நிலையை நாம் உண்டாக்கக் கூடாது. நம் வீடுகளில் ஜன்னல் முழுக்க இரும்புக் கம்பி. படுக்கையறைக்கு ஒன்றாக, ஒரு ஜன்னலின் கம்பிச் சட்டத்துக்கு மட்டும் கீல் வைத்து, உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்கும் தாழ்ப்பாள் போடலாம். தெருவிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

அந்தப் பாட்டி வீட்டுக் கொல்லைக் கதவை மறித்துப் பழைய பீரோ ஒன்று நின்றது. நாலு பேர் சேர்ந்து நகர்த்தினோம். பூட்டுக்கு எண்ணெய் விட்டுத் திறந்தபோது, அந்தக் கதவு திறந்து எத்தனை வருடம் ஆயிற்று என்று அவரால் சொல்ல முடியவில்லை. இப்போது சாவி கதவுக்குப் பக்கத்திலேயே ஆணியில் மஞ்சள் கயிற்றில் தொங்குகிறது. அதன் கீழே சுவரில் கரிக்கட்டையால் அவரே பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்: 101.