அடுப்படிக் கட்சியின் வாதம்

நடுவர் அவர்களே, எதிரணியில் சட்டையை இறுக்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தம்பிமார்களே, அவையோரே, வணக்கம்.

"கொழுப்பு ஏறாமல் தசை வளரக் கைகொடுப்பது அடுப்படியா, பவுடர் டப்பாவா?" இதுதான் இன்றைய பட்டிமன்றத் தலைப்பு. நான் அடுப்படிக் கட்சி. எனக்கு முன்னால் பேசிய தம்பி, "ஒரு கரண்டி வே புரோட்டீன் பவுடரில் 24 கிராம் புரதம், உங்கள் இட்லியில் என்ன இருக்கிறது?" என்று கேட்டுக் கைதட்டலை அள்ளிக்கொண்டு போய்விட்டார்.

இட்லியில் ஒன்றுக்கு 2 கிராம் இருந்தால் பெரிசு. ஒத்துக்கொள்கிறேன். அதன் பக்கத்தில் நாலு அவித்த முட்டை வைக்க வேண்டாமென்று உங்களை யார் தடுத்தது? நாலு முட்டைக்கும் அதே 24 கிராம் வந்துவிடுகிறதே!

முழுக் கணக்கையும் போட்டுவிடுவோம். எடை தூக்கிப் பயிற்சி செய்கிறவருக்கு, உடம்பின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு 1.6 கிராம் புரதம் தாராளம். 60 கிலோ பையனுக்கு 96 கிராம். காலையில் நாலு இட்லி, மூன்று முட்டை: 26. மத்தியானம் 150 கிராம் கோழிக்கறி: 33. சாயங்காலம் ஒரு கைப்பிடி வேர்க்கடலை: 8. ராத்திரி சப்பாத்திக்கு 30 கிராம் மீல்மேக்கர் குருமா: 15. படுக்கும் முன் ஒரு டம்ளர் பால்: 8. ஆயிற்று 90. சோறு, சாம்பார், சப்பாத்தி மாவில் இருப்பதை நான் இன்னும் சேர்க்கவே இல்லை, நடுவர் அவர்களே!

கறி சாப்பிடாதவர் மீல்மேக்கரையும் பனீரையும் கூட்டிக்கொள்ளட்டும். காய்ந்த மீல்மேக்கர் 100 கிராமில் 50 கிராமுக்கு மேல் புரதம்.

வே பவுடர் விஷம் என்று நான் சொல்ல வரவில்லை. அதுவும் பாலிலிருந்து வந்ததுதான். என் சண்டை அதன் அண்ணன், எடை ஏற்றும் பவுடரான 'மாஸ் கெயினர்' மேல். ஒல்லிப் பையன்கள் ஆசையாக வாங்குகிற அந்தப் பெரிய டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். எது அதிகமோ அதைத்தான் சேர்மானப் பட்டியலில் முதலில் அச்சடிக்க வேண்டும். பெரும்பாலும் அங்கே முதல் ஆளாக நிற்பது மால்டோடெக்ஸ்ட்ரின். மாவுச்சத்தை உடைத்து எடுத்த பொடி, ஐயா! அதைக் குடித்தால் தராசு முள் நகரும், உண்மை. நகர்த்துவது தசையா தொப்பையா என்று தராசு சொல்லாது.

இங்கேதான் தலைப்பின் முதல் பாதி வருகிறது: கொழுப்பு ஏறாமல். அன்றாடத் தேவைக்கு மேல் 200, 300 கலோரி போதும், தசை கட்ட. "பல்க் பண்றேன், உடம்பை ஏத்துறேன்" என்று சொல்லிக்கொண்டு ராத்திரி பத்து மணிக்கு சால்னாவில் மிதக்கிற பரோட்டாவை வரிசையாக உள்ளே தள்ளுகிறவரையும் நான் ஆதரிக்க மாட்டேன். அது அடுப்படி அல்ல, அத்துமீறல். ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி. நாளுக்கு 500 கலோரி உபரியாகக் கொழுப்பில் சேர்ந்தால் பதினைந்து நாளில் ஒரு கிலோ. பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டியதுதான்.

வீட்டுத் தட்டில் இந்த உபரியைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. தாளிப்பில் ஒரு கரண்டி குறைத்தால் குறைந்தது, அவ்வளவுதான். இடுப்புச் சுற்றை வாரம் ஒருமுறை அளந்து பாருங்கள். எடையோடு அதுவும் ஏறினால் சோற்றில் ஒரு கரண்டி குறையுங்கள். முட்டையில் கை வைக்காதீர்கள்.

"பவுடர் சீக்கிரம் செரிக்குமே" என்றார் தம்பி. தசைக்கு அந்த அவசரம் இல்லை. நாள் முழுக்க மொத்தம் எவ்வளவு வந்தது என்பதே பெரிது. தண்டாலோ, பஸ்கியோ, இரும்போ, பழகப் பழகப் பாரத்தை ஏற்ற வேண்டும். ராத்திரி ஏழெட்டு மணி நேரம் தூங்க வேண்டும். இந்த இரண்டையும் எந்தக் கம்பெனி டப்பாவில் அடைத்து விற்கிறது என்று எதிரணியின் அடுத்த பேச்சாளர் சொல்லட்டும். மணி அடித்துவிட்டார்கள், இடம் விடுகிறேன், நடுவர் அவர்களே.