உச்சுக் கொட்டினால் ஒரு மெய்யெழுத்து

எல்லாருக்கும் வணக்கம். ஒரு தடவை உச்சுக் கொட்டுங்கள் பார்ப்போம். ‘அடப்பாவமே’ என்று சொல்ல வரும்போது நாக்கு நுனி முன்பல்லில் ஒட்டி விடுபடுமே, அதேதான். சரி, இப்போது இடைவெளி விடாமல் அதோடு ஓர் ‘ஆ’ சேர்த்து ஒரே அசையாகச் சொல்லுங்கள். சிரிப்புதான் வருகிறது, இல்லையா? தென்னாப்பிரிக்காவில் கோசாவும் ஜூலுவும் பேசுகிற வீட்டுப் பிள்ளைகளுக்கு இது சாதாரண மெய்யெழுத்து, ‘சி’ என்ற ரோமன் எழுத்தில் எழுதுவார்கள். ‘க்யூ’ போட்டால் நாக்கை மேலே ஒட்டி ‘டொக்’ என்று இறக்க வேண்டும். ‘எக்ஸ்’ போட்டால் கடைவாய்ப் பக்கமாகக் காற்றை இழுக்க வேண்டும். கோசா என்ற பெயரே அந்த எக்ஸில்தான் தொடங்குகிறது, நாம் ‘கோ’ என்று ஒப்பேற்றிவிடுகிறோம்.

‘க்ளிக்’ எனப்படும் இந்த ஒலிகளில் நுரையீரலுக்கு வேலையே இல்லை. நாக்கின் பின்பகுதி ‘க’ சொல்லும் இடத்தில் அடைத்துக்கொள்ளும், முன்பகுதி பல்லிலோ அண்ணத்திலோ அடைக்கும், நடுவே சிக்கிய காற்றுக்கு நாக்கு கொஞ்சம் தாழ்ந்து இடம் கொடுத்துவிட்டு முன்கதவைத் திறந்தால் வெளிக்காற்று சட்டென்று உள்ளே பாயும். நுரையீரல் சும்மா இருப்பதால், அதே நேரத்தில் மூக்கால் ‘ம்’ என்று முனகவும் முடியும். அது தனி மெய்! இப்படிப் பெருக்கிக்கொண்டே போய், போட்ஸ்வானாப் பக்கம் பேசப்படும் தா மொழியில் க்ளிக் மெய்கள் மட்டும் 80-ஐத் தாண்டும் என்று கணக்கிட்டவர்கள் உண்டு.

கோசாவுக்கும் ஜூலுவுக்கும் இந்த ஒலிகள் பூர்விகச் சொத்து இல்லை, அங்கே முன்பே வாழ்ந்த கோய், சான் மக்களிடம் வாங்கியவை. மருமகள் மாமனார் பெயரில் வரும் அசைகளைக்கூட உச்சரிக்கக் கூடாது என்ற ஹ்லோனிபா வழக்கம் கோசா, ஜூலு மக்களிடம் உண்டு. அந்த அசைகளுக்கு மாற்றாகப் பெண்கள் க்ளிக்கைப் போட்டுப் பேசியதும் இவை பரவ ஒரு காரணம் என்று மொழியியலாளர்கள் சொல்கிறார்கள், எனக்கும் அது நம்பும்படியாகவே இருக்கிறது.

வாங்கியவர்கள் கோடிக்கணக்கில் பேசுகிறார்கள். கொடுத்தவர்கள் கதை வேறு. 1870-களில் கேப்டவுன் சிறையில் இருந்த சான் கைதிகளைத் தன் வீட்டில் தங்கவைத்து மொழியியலாளர் வில்ஹெல்ம் பிளீக்கும் அவர் மைத்துனி லூசி லாயிடும் அவர்கள் பேசியதை நோட்டு நோட்டாக எழுதிவைத்தார்களே, அந்த மொழியை இன்று பேச ஆளில்லை. ஆனால் 2000-இல் வந்த தென்னாப்பிரிக்க அரசு முத்திரையில் இருக்கும் வாசகம் அந்த மொழியில்தான் இருக்கிறது. இதைப் பெருமை என்பதா, பிராயச்சித்தம் என்பதா?

அப்புறம் நூ என்ற இன்னொரு சான் மொழி. உதட்டைக் குவிக்காமல் இரண்டையும் ஒட்டிப் பிரித்து எழுப்பும் க்ளிக், உலகில் விரல்விட்டு எண்ணக்கூடிய மொழிகளில்தான் உண்டு, நூ அதில் ஒன்று. தென்னாப்பிரிக்காவின் அப்பிங்டன் ஊரில் கத்ரீனா ஈசாவ் என்ற மூதாட்டி, வீட்டில் டச்சிலிருந்து வந்த ஆப்பிரிகான்ஸ் மொழி பேசி வளரும் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்து, அந்த க்ளிக்கைச் சொல்லிக்கொடுத்து வந்தார்.